கீழூர்ல நடந்த ஓட்டு: காரைக்காலுக்கு சுதந்திரம் எப்போ வந்துச்சு?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு என்னைக் கொஞ்சம் யோசிக்க வச்சது. சென்னையில வேலை பார்க்கற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அண்ணா, நீங்க காரைக்கால்தானே? உங்களுக்கு மட்டும் ஏன் ஆகஸ்ட் 16-ம் லீவு, நவம்பர் 1-ம் லீவு? ரெண்டு தடவையா சுதந்திரம் வாங்கினீங்க?"

காமெடியா கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி. பதில், கிட்டத்தட்ட ஆமாம். முதல் தடவை 1954-ல, ரெண்டாவது தடவை 1962-ல. ரெண்டுக்கும் மூலம் ஒரே ஒரு காலைப் பொழுது. அது நடந்த இடம் காரைக்கால் இல்ல. புதுச்சேரி டவுன் கூட இல்ல. வில்லியனூருக்குப் பக்கத்துல இருக்கற கீழூர்னு ஒரு கிராமம். இன்னைக்கு எபிசோட் அந்தக் கீழூரைப் பத்தித்தான்.

முதல்ல ஊர் தெரியாதவங்களுக்காக ஒரு ரெண்டு நிமிஷம். மேப்பை ஓபன் பண்ணிப் பாருங்க. நாகப்பட்டினத்துக்கு வடக்க, தரங்கம்பாடிக்குத் தெற்க, மூணு பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நடுவுல சுமார் 160 சதுர கிலோமீட்டர் மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். காவிரி கடைமடை, அரசலாறு, நெல்லு, உளுந்து, சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு. ஆனா எங்க கலெக்டருக்கு மேல இருக்கற தலைமைச் செயலகம் 130 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. அங்க போகணும்னா கடலூர், சிதம்பரம், சீர்காழின்னு முழுக்க இன்னொரு மாநிலத்தைத் தாண்டித்தான் போகணும்.

இது ஏன்னா, 1739-ல தஞ்சாவூர் மராட்டிய ராஜாகிட்டேருந்து பிரெஞ்சுக்காரங்க இந்த ஊரை வாங்கினாங்க. வாங்கினாங்கன்னு சொல்றது கொஞ்சம் மரியாதையான வார்த்தை. நடுவுல சண்டை, பேரம், பிரிட்டிஷ்காரன் பிடிக்கறது, திருப்பிக் கொடுக்கறது எல்லாம் இருக்கு. அதை இன்னொரு நாள் பேசலாம். இன்னைக்குத் தேவையானது இதுதான்: 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி நேரு டெல்லியில பேசினப்போ, காரைக்கால்ல இருந்தவங்க சட்டப்படி பிரெஞ்சுக் குடிமக்கள். அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி இருந்த மாமன் வீட்டுக்காரங்க சுதந்திர இந்தியா. நாம இன்னும் பிரான்ஸ்.

சரி, அப்புறம் என்ன பண்ணாங்க? 1948 ஜூன்ல இந்தியாவும் பிரான்ஸும் ஒரு முடிவுக்கு வந்தாங்க. ஒவ்வொரு ஊர்லயும் மக்களையே கேப்போம், ஓட்டெடுப்பு நடத்துவோம்னு. பிரான்ஸ் பக்கம் இதுக்கு ஒரு காரணம் இருந்தது. அவங்களோட 1946 அரசியல் சட்டத்துல, ஒரு நிலப்பகுதியை விட்டுக் கொடுக்கணும்னா அங்க இருக்கற மக்கள் சம்மதம் வேணும்னு இருந்துச்சு. வங்காளத்துல இருந்த சந்திரநாகூர்ல 1949 ஜூன் 19 அன்னிக்கு ஓட்டெடுப்பு நடந்துச்சு. இந்தியாவோட சேர 7,473 பேர், வேண்டாம்னு 114 பேர். மேட்டர் ஓவர்.

தெற்க இருந்த நாலு ஊர், அதாவது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், இங்க அது நடக்கவே இல்ல. அரசியல் அடிதடி, ஆள் வச்சு மிரட்டறது, வாக்காளர் பட்டியல்ல குளறுபடி. 1951-ல வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்து பாத்துட்டு, பயமில்லாம ஓட்டுப் போடற நிலைமை இங்க இல்லன்னு ரிப்போர்ட் கொடுத்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் இந்தியா "இனிமே ஓட்டெடுப்பே வேண்டாம், நேரா கொடுங்க"ன்னு சொல்ல, பிரான்ஸ் "சட்டம் விடாது"ன்னு சொல்ல, அப்படியே ஜாம் ஆகி நின்னுச்சு.

இதுக்கு நடுவுல சாதாரண ஜனங்க பாடு இருக்கே, அதைத்தான் எங்க அப்பாயி நிறைய சொல்லும். 1949-ல சுங்க ஒப்பந்தத்தை இந்தியா ரத்து பண்ணிடுச்சு. ஊரைச் சுத்தி சுங்கச் சாவடி. வயல் இந்தியாவுல, வீடு பிரான்ஸ்ல இருந்தா என்ன பண்ணுவீங்க? அறுத்த நெல்லை வீட்டுக்குக் கொண்டு வரணும்னா ஒருத்தன் நிறுத்தி மூட்டையைக் குத்திப் பாப்பான். அப்பாயி சொல்லும், "கல்யாணத்துக்குப் போற பொம்பளைங்க கழுத்துச் சங்கிலியைக் கூட எண்ணுவானுங்கடா"ன்னு. கடத்தலும் நிஜமாவே நடந்தது, தங்கம், வாட்ச் எல்லாம். ஆனா மாட்டினது பெரும்பாலும் நெல் மூட்டைக்காரங்கதான். இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்துல ரெண்டு வரியில முடிஞ்சிடும்.

1954-ல எல்லாம் வேகமா உருள ஆரம்பிச்சுது. மார்ச் 18 அன்னிக்குப் புதுச்சேரி கொம்யூன்களோட மேயர்கள் சேர்ந்து, ஓட்டெடுப்பு இல்லாமலே இந்தியாவோட இணையணும்னு தீர்மானம் போட்டாங்க. கொம்யூன்னா நம்ம பஞ்சாயத்து மாதிரி. அந்த வார்த்தையை இன்னும் விடல, இன்னைக்கும் எங்க ஊர்ல "கொம்யூன் பஞ்சாயத்து"தான். சில நாள்ல காரைக்கால் கொம்யூன்களும் அதே மாதிரி தீர்மானம் போட்டுச்சு. இதுல ஒரு முக்கியமான ஆள் எதுவார் குபேர். புதுச்சேரி பீச் ரோட்டுக்குப் பேரே குபேர் அவென்யூதான். பல வருஷமா பிரெஞ்சுக்காரங்க பக்கம் நின்ன மனுஷன், 1954-ல கட்சி மாறி நெட்டப்பாக்கத்துல உக்காந்துகிட்டு இணைப்புக்குக் குரல் கொடுத்தார். 1963-ல அவர்தான் யூனியன் பிரதேசத்தோட முதல் முதலமைச்சர். அரசியல்ல டைமிங் எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல நான் சொல்லணுமா?

ஆனா உள்ளூர் தலைவர்கள் மட்டும் காரணம்னு சொல்லிட முடியாது. அதே வருஷம் மே 7 அன்னிக்கு வியட்நாம்ல தியன் பியன் ஃபூ விழுந்துச்சு. பிரெஞ்சுப் படைக்கு அது பெரிய அடி. ஜூன்ல பியேர் மாந்தேஸ் ஃபிரான்ஸ் பிரதமரா வந்தார். இந்தோசீனாவே போயிட்ட பிறகு, நாலு சின்ன ஊருக்காக இந்தியாவோட மல்லுக்கட்டறதுல என்ன லாபம்? அந்தக் கோடைக்குள்ளயே ஏனாமும் மாஹேயும் பிரெஞ்சு நிர்வாகத்தை விட்டுப் போயிடுச்சு. மீதி புதுச்சேரியும் காரைக்காலும்.

இப்போ ஒரே சிக்கல். கொடுக்க பிரான்ஸ் ரெடி, வாங்க இந்தியா ரெடி, ஆனா அந்த அரசியல் சட்டம் "மக்கள் சம்மதம் எங்கே?"ன்னு கேக்குது. முழு ஓட்டெடுப்பு நடத்த நேரமும் இல்ல, நம்பிக்கையும் இல்ல. நாங்க ஆபீஸ்ல ஒர்க்அரவுண்டுன்னு சொல்வோம்ல, அது மாதிரி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மக்களைக் கேக்க வேண்டாம், மக்கள் ஏற்கனவே தேர்ந்தெடுத்தவங்களைக் கேப்போம். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்கள், நகரசபை கவுன்சிலர்கள், எல்லாரும் சேர்ந்து 178 பேர்.

எங்க கூட்டம்? புதுச்சேரி டவுன்ல வச்சா இணைப்புப் பக்கம் இருந்தவங்க வர மாட்டாங்க, நிறைய பேர் பிரெஞ்சுப் போலீஸுக்குப் பயந்து இந்தியப் பக்கம் தங்கியிருந்தாங்க. இந்தியாவுக்குள்ள வச்சா பிரான்ஸுக்கு மரியாதை இல்ல. அதனால பிரெஞ்சு எல்லைக்குள்ள, ஆனா இந்திய எல்லையை ஒட்டி இருக்கற கிராமம். கீழூர்.

1954 அக்டோபர் 18. 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட சேரலாம்னு ஓட்டுப் போட்டாங்க. 8 பேர் வேண்டாம்னாங்க.

மூணு நாள் கழிச்சு, அக்டோபர் 21, டெல்லியில பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் நம்ம வெளியுறவுச் செயலர் ஆர்.கே. நேருவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. (இது பிரதமர் நேரு இல்ல, அவரோட சொந்தக்காரர்.) நவம்பர் 1 அன்னிக்கு நிர்வாகம் கை மாறுச்சு. இந்தியா சார்புல கேவல் சிங் பொறுப்பேத்துகிட்டார். ஒரு துப்பாக்கிக் குண்டு இல்லாம.

இங்கதான் அந்தத் தங்கச்சியோட கேள்விக்குப் பதில் வருது. நிர்வாகம் மாறுச்சே தவிர, சட்டப்படி காரைக்கால் இன்னும் பிரான்ஸ்தான். ஒப்பந்தம் 1956 மே 28 அன்னிக்குக் கையெழுத்தாச்சு. அதை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒத்துக்கணும். அங்க அல்ஜீரியா போர் நடந்துகிட்டிருக்கு, ஒரு காலனியை விட்டுக் கொடுக்கற பேப்பரை எவன் தைரியமா மேஜைக்குக் கொண்டு வருவான்? 1962 ஜூலையில அல்ஜீரியா சுதந்திரம் வாங்கின பிறகுதான் இந்த ஃபைல் நகர்ந்துச்சு. 1962 ஆகஸ்ட் 16 அன்னிக்கு ஆவணங்கள் கை மாறி, அன்னைக்குத்தான் நாங்க சட்டப்படி இந்தியா. சாஃப்ட்வேர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, 1954 நவம்பர்ல புரொடக்‌ஷன்ல போட்டுட்டாங்க, அப்ரூவல் மெயில் 1962 ஆகஸ்ட்ல வந்துச்சு. நடுவுல கிட்டத்தட்ட எட்டு வருஷம்.

இந்த எட்டு வருஷத்தை விட, அதுக்கு அப்புறம் வந்த ஆறு மாசம்தான் எங்க குடும்பத்துல பெரிய கதை. ஒப்பந்தத்துல ஒரு பிரிவு இருக்கு. இந்த ஊர்கள்ல பொறந்து இங்கேயே குடியிருக்கறவங்க தானாவே இந்தியக் குடிமக்கள் ஆயிடுவாங்க. பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். வெளிநாட்டுல, உதாரணமா சைகோன்ல இருந்தவங்களுக்கு நேர் எதிர்: அவங்க பிரெஞ்சாவே தொடர்வாங்க, வேணும்னா இந்தியாவைத் தேர்ந்தெடுக்கலாம். சைகோன்ல காரைக்கால்காரங்க நிறைய பேர் வேலையில, வியாபாரத்துல இருந்தாங்க. அதனால ஒரே அம்மா வயித்துல பொறந்த அண்ணன் தம்பிக்கு, அன்னைக்கு யார் எந்த ஊர்ல இருந்தாங்கங்கறதை வச்சு நாடே மாறிப் போச்சு.

எங்க தாத்தாவோட அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரங்களை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வாங்க. ஊருக்குத் திரும்பி வந்து பென்ஷன் வாங்கிகிட்டிருந்தவர். பென்ஷன் நின்னுடுமோன்னு பயந்து கையெழுத்துப் போட்டுட்டார். எங்க தாத்தாவுக்கு நெரவியில ரெண்டு வேலி குத்தகை நிலம். அவர் போடல. அப்பாயி கிட்ட ஏன்னு கேட்டா, "பிரான்ஸுல நாத்து நட முடியுமா?"ன்னு சிரிக்கும். அவ்வளவுதான் காரணம். தேசபக்தியும் இல்ல, துரோகமும் இல்ல. இன்னைக்குப் பெரிய தாத்தாவோட பேரப் பிள்ளைங்க பாரிஸ் பக்கத்துல இருக்காங்க, ஜூலை லீவுக்கு வந்தா என்கூட இங்கிலீஷ்ல பேசறாங்க, ஏன்னா அவங்களுக்குத் தமிழ் தடுமாறுது, எனக்கு பிரெஞ்சு வராது. அந்த ஆறு மாசத்துல மொத்தமா சுமார் 5,000 பேர்தான் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தாங்க. நிறைய பேருக்கு அப்படி ஒரு பேப்பர் இருக்குன்னே தெரியல, தெரிஞ்சவங்களுக்கு அதோட விலை தெரியல. பின்னாடி தெரிஞ்சப்போ எத்தனை வீட்ல எத்தனை சண்டை, அதைக் காரைக்கால்காரங்களைக் கேட்டா ராத்திரி பூரா சொல்வாங்க.

சரி, கீழூருக்கு வருவோம். நான் போன மாசம் ஒரு சனிக்கிழமை போனேன். காரைக்கால்லேருந்து காலையில முதல் பஸ். பூவம் தாண்டினதும் தமிழ்நாடு, தரங்கம்பாடி, சீர்காழி, கடலூர் எல்லாம் தாண்டி மறுபடியும் புதுச்சேரி. வீட்லேருந்து கிளம்பி, வெளிநாடு போயி, மறுபடி வீட்டுக்கு வந்த மாதிரி. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுல நாலு பேர்கிட்ட "கீழூர் நினைவுத்தூணுக்கு எப்படிப் போறது?"ன்னு கேட்டேன். மூணு பேர் "வார் மெமோரியலா? பீச்சுல காந்தி சிலைக்கு எதிர்ல"ன்னாங்க. அது முதல் உலகப் போர்ல செத்தவங்களுக்கு பிரெஞ்சுக்காரங்க கட்டினது. நாலாவது ஆள் ஒரு கண்டக்டர், அவர்தான் "வில்லியனூர் வண்டி ஏறிக்க தம்பி, அங்க போய்க் கேளு"ன்னார். வில்லியனூர்ல திருக்காமீஸ்வரர் கோயில் கிட்ட ஒரு டீ, அங்கேருந்து ஆட்டோ. போற வழியில வயல், செங்கல் சூளை, புதுசா பிரிச்சுப் போட்ட வீட்டு மனை.

இடம் சின்னது. தூண், கொடிக்கம்பம், மண்டபம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆகஸ்ட் 16 அன்னிக்கு அரசு விழா நடக்கும், கொடி ஏத்துவாங்க, தியாகிகளுக்கு மரியாதை செய்வாங்க. நான் போன அன்னைக்கு என்னையும் ஒரு நாயையும் தவிர யாரும் இல்ல. பீச்சுல இருக்கற வார் மெமோரியல்ல ஞாயித்துக்கிழமை சாயந்திரம் போட்டோ எடுக்க வரிசை நிக்குது. அதை நான் குறையா சொல்லல, அதுவும் நம்ம ஆளுங்க செத்த கதைதான். எங்க காரைக்கால்லயும் பிரெஞ்சுக் கால போர் வீரர் நினைவுத்தூண் இருக்கு, ஜூலை 14 அன்னிக்குப் பெரிய தாத்தா மாதிரி ஆளுங்களோட குடும்பங்க அங்க வருவாங்க. ஆனா இணைப்புக்கான இடம்னு காரைக்கால் பையன் ஒருத்தன் பாக்கணும்னா 150 கிலோமீட்டர் வரணும். இது எனக்கு உறுத்திச்சு. கீழூருக்கு வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல எங்க ஊர் கவுன்சிலர்களும் உண்டு. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நெரவி, திருமலைராயன்பட்டினம், இந்த ஊர்ப் பிள்ளைங்க எத்தனை பேருக்கு அது தெரியும்?

அங்க உக்காந்து நான் அதிகம் யோசிச்சது அந்த 8 பேரைப் பத்தி. 170-ஐ எல்லாரும் சொல்றாங்க. 8 பேர் எழுந்து வேண்டாம்னு சொல்ல முடிஞ்சதும், அதை எண்ணி எழுதினதும்தான் அது ஓட்டுங்கறதுக்கே சாட்சி. அதே சமயம், சந்திரநாகூர் மீனவனுக்குக் கிடைச்ச ஓட்டு காரைக்கால் மீனவனுக்குக் கிடைக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்? என் கணிப்பு, இந்தியான்னுதான் சொல்லியிருப்பான், சுங்கச் சாவடி ஒண்ணே போதும் அதுக்கு. இருந்தாலும் கேக்கல.

"அதெல்லாம் பழங்கதை புரோ"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. அந்த 1956 ஒப்பந்தத்துல இன்னொரு வரி இருக்கு. இந்தப் பகுதிகளோட தனி நிர்வாக அந்தஸ்தை மாத்தணும்னா மக்கள் விருப்பத்தைத் தெரிஞ்சுகிட்ட பிறகுதான் மாத்தணும். 1979 ஜனவரியில பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோட சேக்கறதைப் பத்திப் பேசினதும் புதுச்சேரியே பத்திகிட்டு எரிஞ்சுது, துப்பாக்கிச் சூட்டுல உயிர் போச்சு. அதுக்கப்புறம் டெல்லியில யாரும் அந்தப் பேச்சை லேசுல எடுக்கறதில்ல. இன்னைக்குக் காரைக்கால்ல ஒரு பெரிய ஆபரேஷன்னா புதுச்சேரி ஜிப்மருக்கு மூணு நாலு மணி நேரம், தஞ்சாவூர் அதை விடக் கிட்ட. எங்களுக்கு எது நல்லதுன்னு டீக்கடையில தினமும் பட்டிமன்றம் நடக்குது. தமிழ்நாட்டோட சேரலாம்னு ஒருத்தர், தனி யூனியன் பிரதேசம் வேணும்னு ஒருத்தர், இருக்கறதை விட்டுடாதீங்கன்னு ஒருத்தர். மூணு பேரும் பேசறது அந்த ஒரு வரியோட மேலதான், அவங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டியும்.

அப்புறம் அந்த லீவு விஷயம். பல வருஷமா அரசு ஆகஸ்ட் 16-ஐ மட்டும்தான் கொண்டாடிச்சு. நிஜமா வெளியேறினது நவம்பர் 1, அதைத்தான் விடுதலை நாளா கொண்டாடணும்னு தியாகிகள் கேட்டுகிட்டே இருந்தாங்க. 2014-லேருந்துதான் நவம்பர் 1 அரசு விழாவாச்சு. அதான் தங்கச்சி, ரெண்டு லீவு.

போறவங்களுக்கு: வெயில் காலத்துல போகாதீங்க, நிழல் கம்மி. ஞாயித்துக்கிழமை வில்லியனூர்லேருந்து ஆட்டோ கிடைக்கறது கஷ்டம், புதுச்சேரியிலேயே வாடகை பைக் எடுத்துக்கிட்டா நல்லது. தண்ணி கையில வச்சுக்கங்க. ஆகஸ்ட் 16 காலையில போனா விழாவையும் பாக்கலாம், வயசான தியாகிகள் யாராவது வந்திருந்தா பக்கத்துல உக்காந்து பேசலாம். அவங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வருது.

உங்க வீட்டுப் பரண்ல 1962-63 காலத்து பிரெஞ்சுப் பேப்பர் ஏதாவது இருந்தா, இல்ல "எங்க தாத்தாதான் கீழூருக்குப் போன கவுன்சிலர்"னு யாராவது இருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. காரைக்கால் கவுன்சிலர்களைப் பத்தி மட்டும் ஒரு எபிசோட் பண்ணணும்னு இருக்கேன். அடுத்த வாரம் சைகோனுக்குப் போன காரைக்கால் மரக்காயர் கடைகளைப் பத்திப் பேசலாம்.